சால்னாவும் சதுர அடியும்

இத்தாலியின் தென்கிழக்கு மூலையில், பூலியா மாநிலத்தில் அல்தமுரா என்றொரு ஊர் இருக்கிறது. ரொட்டிக்குப் பெயர்போன ஊர். 2001-இல் அங்கே மெக்டொனால்ட்ஸ் ஒரு கிளை திறந்தது. பிறகு அதன் பக்கத்திலேயே உள்ளூர் ரொட்டிக்காரர் ஒருவர் சின்னதாகக் கடை போட்டு, தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் சுடும் ஃபொக்காச்சியாவை விற்றார். 2002 டிசம்பரில் மெக்டொனால்ட்ஸ் கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. மறு ஆண்டு அல்தமுரா ரொட்டிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் கிடைத்தது. 2009-இல் இந்த மோதலை வைத்து ஒரு திரைப்படமே வந்தது.

சின்னக் கடை பெரிய கடையை ருசியால் துரத்திய கதை. எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் ஒரே ஒரு கிளை மூடியதற்குப் படம் எடுக்கிறார்கள் என்றால், அது எவ்வளவு அபூர்வமாக நடக்கிறது என்பதும் அதிலேயே தெரிகிறது. இன்று மெக்டொனால்ட்ஸுக்கு உலகெங்கும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். 1986-இல் ரோமின் ஸ்பானியப் படிக்கட்டு அருகே அது கடை திறந்தபோது பத்திரிகையாளர் கார்லோ பெத்ரீனியும் நண்பர்களும் தெருவில் பாஸ்தா கொடுத்து எதிர்ப்புக் காட்டினார்கள். அதிலிருந்து ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம் பிறந்தது, பல நாடுகளுக்குப் பரவியது. அந்தக் கடையோ இன்னமும் நடக்கிறது. 1995-இல் பெங்களூரில் கேஎஃப்சி வந்தது. அடுத்த ஜனவரியில் கர்நாடக விவசாயிகள் சங்கத்தினர் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினார்கள். கேஎஃப்சி போய்விடவில்லை.

ருசியை வைத்தே இந்தப் போட்டியைப் பேசிப் பழகிவிட்டோம். ருசியில் சின்னக் கடை பெரும்பாலும் முன்னமே ஜெயித்துவிட்டது. தோற்பது வேறொரு களத்தில். அந்தக் களம் நிலம்.

மெக்டொனால்ட்ஸின் தொடக்கத்தைப் பாருங்கள். 1948-இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை மூடி, பட்டியலில் இருந்த இருபத்தைந்து உருப்படிகளை ஒன்பதாகக் குறைத்து மறுபடி திறந்தார்கள். ஹாம்பர்கர் 15 சென்ட். தட்டு கிடையாது, பரிமாறும் ஆள் கிடையாது. சமையலறையில் யார் எங்கே நிற்பது, கை எவ்வளவு தூரம் நீளவேண்டும் என்பதை டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் வரைந்து பார்த்தார்களாம். பட்டியல் சின்னதாக இருக்கட்டும், கை வேகமாக ஓடட்டும் என்ற இந்த யோசனை நம் ஊர் இட்லிக்கடைப் பாட்டிக்கும் தெரிந்ததுதான்.

திருப்பம் 1956-இல். சகோதரர்களிடம் உரிமை பெற்றுக் கிளைகளைப் பரப்பிக்கொண்டிருந்த ரே கிராக்கின் கணக்குகளைப் பார்த்த ஹாரி சானபோர்ன், பர்கரில் வரும் உரிமத்தொகை போதாது, நிலத்தைக் கையில் எடுப்போம் என்றார். கம்பெனி இடத்தை வாங்கும், அல்லது நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கும். கிளை நடத்துபவருக்கு அதை உள்வாடகைக்கு விடும். இந்த வேலைக்கென்றே தனி நிறுவனம் தொடங்கினார்கள். விற்பனை ஏற ஏற வாடகையும் ஏறும். பர்கர் விற்பவர் ஒருவர், அவரிடம் வாடகை வாங்குபவர் இன்னொருவர். லாபம் இரண்டாமவருக்கு நிச்சயம். இந்தியாவில் மெக்டொனால்ட்ஸின் ஏற்பாடு வேறு என்றாலும், அந்தக் கம்பெனி உலக அளவில் வளர்ந்தது இந்த அஸ்திவாரத்தின் மேல்தான். சின்ன உணவகத்தைக் கொல்லும் வாடகைதான் பெரிய சங்கிலிக் கடைக்கு வருமானம்.

இனி நம் ஊருக்கு வரலாம்.

‘சங்கிலிக் கடை’ என்றதும் நமக்கு அமெரிக்கப் பெயர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. டொமினோஸ் 1996-இல் இந்தியாவுக்குள் வந்து 2024-இல் இரண்டாயிரம் கடைகளைத் தாண்டியது உண்மை. ஆனால் தமிழ்நாட்டின் கடைத்தெருவில் சின்ன மெஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சங்கிலி பெரும்பாலும் தமிழ் பேசுவது. கே.கே. நகரில் மளிகைக்கடை வைத்திருந்தவர் 1981-இல் தொடங்கிய சரவண பவன் கண்டம் தாண்டிப் போனது. 1957-இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு சீரகசம்பா அரிசியில் பிரியாணி போட்டார். அவர் கட்டியிருந்த தலைப்பாகையே பிற்பாடு கடைப் பெயராகி, நீதிமன்றம் ஏறும் அளவுக்கு மதிப்புள்ள வணிகச் சின்னமும் ஆயிற்று. திருவல்லிக்கேணியில் 1948-இல் தொடங்கிய ரத்னா கஃபேயில் இட்லி மிதக்கச் சாம்பார் ஊற்றுவார்கள்; அதற்கும் இன்று பல கிளைகள். அரசாங்கமே நடத்தும் சங்கிலியும் உண்டு: 2013-இல் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அம்மா உணவகம்.

இவை எல்லாம் ஒரு காலத்தில் ஒற்றைக் கடையாக இருந்தவை, அம்மா உணவகம் நீங்கலாக. ஆகவே சின்னது நல்லது, பெரியது கெட்டது என்று கோடு கிழிக்க முடியாது. ஒற்றைக் கடை எந்த இடத்தில் சங்கிலியாகிறது என்று கேட்டால், நான்காவது கிளையிலோ ஐந்தாவதிலோ என்று எண்ணிச் சொல்ல மாட்டேன். மாவையும் மசாலாவையும் ஓரிடத்தில் அரைத்து வண்டியில் ஏற்றி அனுப்பத் தொடங்கும் நாளில் அது சங்கிலியாகிறது. அன்றைக்கு சரக்கு மாஸ்டரின் கைப்பக்குவம் கிலோக் கணக்குத் தாளாக மாறுகிறது. கடைக்காரர் அதைத் துரோகமாக நினைத்துச் செய்வதில்லை. மாஸ்டர் லீவு போட்டால் கடை சாத்தவேண்டியிருக்கிறது என்ற பயத்தில் செய்கிறார்.

மறுபக்கம், ஒரு பரோட்டாக் கடையின் நாள் எப்படிப் போகிறது? மதியம் இரண்டு மணிக்கு மாவு பிசைய ஆரம்பிப்பார்கள். மைதா, உப்பு, தண்ணீர், எண்ணெய். சில கடைகளில் சர்க்கரையும் முட்டையும் சேரும். பிசைந்த மாவை ஈரத்துணி போர்த்தி ஊறவிட்டு, உருண்டை பிடித்து எண்ணெய் தடவி மறுபடியும் ஊறவிடுவார்கள். இந்த ஊறலைக் குறைத்தால் மாவு இழுக்கும்போது சுருங்கிக்கொள்ளும், கிழியும். அடுத்தது வீச்சு. உருண்டையைத் தட்டிப் பரப்பி, ஓரத்தைப் பிடித்து மேசைமேல் வீச வீச, அடியில் மேசை தெரியும் அளவுக்கு விரிந்துவிடும். அதை மடித்து, இழுத்து, சுருட்டி வைப்பார்கள். ஆறரை மணிக்குக் கல் காய்ந்துவிடும். வெந்த பரோட்டாக்களை நாலைந்தாக அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார் மாஸ்டர். சூடு ஆறுமுன் அடித்தால்தான் அடுக்கு பிரியும். அந்தச் சூட்டைத் தாங்க வருஷக்கணக்கில் பழகிய உள்ளங்கை வேண்டும்.

பக்கத்து அடுப்பில் சால்னா: தேங்காய், கசகசா, சோம்பு, பட்டை, தக்காளி, எலும்பு போட்டுக் கொதித்துக்கொண்டிருக்கும். பரோட்டாவுக்குத்தான் விலை. சால்னாவுக்குக் கணக்கில்லை. “அண்ணே, இன்னும் கொஞ்சம்” என்றால் சப்ளையர் வாளியோடு வந்து ஊற்றிவிட்டுப் போவார். எதிரே பர்கர் கடையில் கெச்சப் பாக்கெட் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. இரு கடைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் நான் சால்னா வாளியைத்தான் காட்டுவேன். சங்கிலியில் அளக்கப்படாத பொருளே கிடையாது. சின்னக் கடையில் அளக்காமல் விட்ட ஒன்று எப்போதும் இருக்கும். வாடிக்கையாளர் திரும்பி வருவது அதற்காகத்தான்.

கடைக்காரருக்கோ மற்றதெல்லாம் அளந்துதான் வருகிறது. 19 கிலோ வணிகச் சிலிண்டர் 2022 மே மாதத்தில் சென்னையில் 2,500 ரூபாயைத் தாண்டியது. வீட்டுச் சிலிண்டருக்கு உள்ள மானியப் பேச்சு இதற்குக் கிடையாது. எண்ணெய் ஏறும், முட்டை ஏறும். பரோட்டாவில் ஒரு ரூபாய் ஏற்றினால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். முதலுக்கு வங்கிக்குப் போனால் கணக்குக் காட்டச் சொல்வார்கள். ஆகவே தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, பிடித்தம் போகக் கையில் எட்டாயிரத்து ஐந்நூறு கொடுப்பது ஒரு வழக்கம். நூறு நாள், நாளைக்கு நூறு ரூபாய். கடன் தினமும் கரைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இதன் வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டும். சாயங்காலம் கல்லாவில் விழும் முதல் நூறு ரூபாய் தண்டல்காரருடையது. 2020-இல் மத்திய அரசு தெருவோர வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் ரூபாய் முதல் தவணைக் கடன் திட்டம் கொண்டுவந்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். இன்னொரு பக்கம், கேஎஃப்சி, பீட்சா ஹட் கிளைகளை இந்தியாவில் நடத்தும் தேவயானி, சஃபையர் என்ற இரு நிறுவனங்களும் 2021-இல் பங்குச் சந்தைக்குப் போய்ப் பணம் திரட்டின. ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு கடைகளின் முதலுக்கு இத்தனை வித்தியாசம்.

ஆனாலும் கடைக்காரரிடம் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டால் பீட்சாவையோ தண்டலையோ சொல்ல மாட்டார். “கட்டடக்காரரு பதினோரு மாசத்துக்கு ஒருக்கா ஏத்துறாருங்க” என்பார். அட்வான்ஸைக் கூட்டிக் கேட்பார்கள், இல்லையென்றால் மகனுக்குக் கடை வேண்டும் என்பார்கள். இருபது வருஷம் ஓர் இடத்தில் அடுப்பு எரித்துப் பேர் வாங்கியவர், அந்தப் பேர் ஒட்டியிருப்பது தன் கையிலா அந்த முக்கிலா என்பதை இடம் மாறும்போதுதான் கண்டுகொள்கிறார். சங்கிலிக் கடை நீண்ட ஒப்பந்தம் போடுகிறது, சில இடங்களில் விற்பனையில் பங்கும் தருகிறது; மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது. புகை, கரி, ராத்திரி சத்தம் எதுவும் இல்லை. கட்டடக்காரரின் இடத்தில் இருந்தால் நாமும் யாருக்கு விடுவோம் என்று சொல்லத் தேவையில்லை.

நினைவில் நிற்கும் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. நல்ல சாப்பாடு எல்லாம் நினைவில் நிற்பதில்லை. நட்சத்திர ஓட்டலில் சாப்பிட்டது மறந்துபோகிறது, திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி வேலை தேடிய நாட்களில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து சாப்பிட்ட மெஸ் சாப்பாடு முப்பது வருஷம் கழித்தும் பேசப்படுகிறது. பசி ஒரு காரணம், வயது இன்னொரு காரணம். அதற்கும் மேலே, தீர்ந்துபோகும் சாத்தியம் என்று ஒன்றிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு பாத்திரத்தில் ஒரு வேளைக்கு வைத்த குழம்பு. பன்னிரண்டரைக்கு வந்தவருக்கு வத்தக்குழம்பு கிடைத்தது, இரண்டு மணிக்கு வந்தவருக்கு ரசம்தான். மயிலாப்பூரில் சந்துக்குள் இருக்கும் ராயர் மெஸ்ஸில் இடம் கொஞ்சம். முந்தியவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்கார முடியும். எதுவும் தீர்ந்துபோகாது, எப்போது வந்தாலும் நேற்றுபோலவே இருக்கும் என்பதுதான் சங்கிலிக் கடையின் உத்தரவாதம். அந்த உத்தரவாதத்துக்காகவே ரயில் பிடிக்கும் அவசரத்தில் நாமும் அங்கே போகிறோம். ஒன்றுபோலவே நூறு தடவை சாப்பிட்டதில் எந்தத் தடவையை நினைவில் வைத்துக்கொள்வது?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பழைய சின்னக் கடைகளைப் பற்றி உருகுகிறவர்கள், அந்தக் கடைகளில் யார் உட்கார முடிந்தது என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ‘பிராமணாள்’ என்று பலகை மாட்டிய ஓட்டல்கள் சென்னையில் வெகுகாலம் நடந்தன. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் கைதானார்கள். கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. எல்லா ஊரிலும் ஒழிந்துவிட்டது என்று இன்றும் துணிந்து சொல்ல முடியாது. கண்ணாடிக் கதவு போட்ட பர்கர் கடையில் கல்லாவில் நிற்கும் பையன் காசை வாங்கிக்கொண்டு எண் ஒன்றைக் கொடுக்கிறான். ஊர் எது, தெரு எது என்று கேட்பதில்லை.

அதேபோல, கல்லூரி முடிந்து நான்கு பெண்கள் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சிரித்துப் பேச எந்தப் பரோட்டாக் கடையில் இடம் இருக்கிறது? ‘குடும்ப அறை’ என்று திரைபோட்டு ஒதுக்கிய மூலைதான் அவர்களுக்குக் கிடைத்தது. குளிரூட்டிய அறையையும் சுத்தமான கழிப்பறையையும் யாரும் விரட்டாத நாற்காலியையும் சேர்த்து விற்கிறது சங்கிலிக் கடை. பர்கர் அதற்கான நுழைவுச் சீட்டு. சின்னக் கடை இதைப் புரிந்துகொள்ளாமல் ‘நம்ம ருசி வருமா’ என்று பேசிக்கொண்டிருந்தால், இளைய வாடிக்கையாளரைத் திரும்பப் பெறாது.

நாற்காலியும் வேண்டாம், வீட்டுக்கே வரட்டும் என்று ஆனபிறகு வந்தது இரண்டாவது வாடகை. ஸ்விக்கி, சொமாட்டோ செயலிகள் முக்குக்கடை என்ற அனுகூலத்தையே இல்லாமலாக்கின. சந்துக்குள் இருக்கும் மெஸ்ஸும் மெயின் ரோட்டுக் கடையும் கைபேசித் திரையில் ஒரே அளவுப் பெட்டி. தொடக்கத்தில் சின்னக் கடைக்கு இது வரமாகவே பட்டது. பிறகு அந்தத் திரையில் மேலே வரவும் காசு என்றானது. கமிஷன் 20 முதல் 30 விழுக்காடு வரை போகிறது என்று முறையிட்டு தேசிய உணவகங்கள் சங்கம் 2021-இல் போட்டி ஆணையத்துக்குப் போனது. 2022 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஜூலை தொடக்கத்தில் நாமக்கல் உணவக உரிமையாளர்கள் இந்தச் செயலிகள் வழியாக ஆர்டர் எடுப்பதையே நிறுத்தினார்கள். முட்டைக்குப் பேர்போன ஊரில் நடந்த இந்தப் புறக்கணிப்பு பெரிய செய்தியாகவில்லை. எனக்கோ அல்தமுராவைவிட நாமக்கல் முக்கியமாகப் படுகிறது. அங்கே கடைக்காரர்கள் எதிராளியை அடையாளம் கண்டிருந்தார்கள்: பக்கத்துக் கடை பர்கரை விட்டுவிட்டு, இடத்துக்கு வாடகை கேட்பவரைப் பிடித்தார்கள்.

நிலம்தான் தீர்மானிக்கிறது என்பதற்குச் சென்னையிலேயே பெரிய சான்று உண்டு. கதீட்ரல் சாலையில் 1962 முதல் நடந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலுக்குக் கூட்டமோ ருசியோ குறையவில்லை. காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிடலாம். எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் வேலையில்லாதவர்களும் ஒரு காபியோடு அரை நாள் உட்கார்ந்திருப்பார்கள். இடம் அரசுடையது. 2008-இல் அது அரசின் கைக்குத் திரும்பியது; ஓட்டல் போயிற்று. 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா திறந்தது. நல்ல பூங்காதான். ஆனால் ஓர் உணவகத்தின் ஆயுளை அதன் சமையலறை தீர்மானிப்பதில்லை என்பதை அந்த மரங்களுக்குக் கீழே நின்று யோசிக்கலாம்.

நிலத்தை அரசே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் இருக்கிறது. அறுபதுகளின் இறுதியில் தெருவில் விற்றவர்களைக் கணக்கெடுத்து உரிமம் கொடுத்து, 1971 முதல் 1986 வரை கூரை, தண்ணீர், கழிவுநீர் வசதியோடு அங்காடி மையங்கள் கட்டி அவர்களைக் குடியேற்றினார்கள். முதல் தலைமுறையினருக்குச் சந்தை விலையில் ஒரு சிறு பங்கே வாடகை. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள். லிட்டில் இந்தியாவின் தேக்கா மையத்தில் பிரியாணியும் தோசையும் சீன நூடுல்ஸும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவுப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. 2016-இல் சிங்கப்பூரில் இன்னொரு மையத்தில் சோயா சாஸ் கோழி விற்ற ஒருவரின் கடைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. அவர் பெயரில் பல கிளைகள் முளைத்தன; 2021-இல் நட்சத்திரம் போயிற்று. ஆக, மலிவான வாடகை சின்னக் கடையைக் காப்பாற்றும், ஆனால் சின்னதாகவே இரு என்று கட்டாயப்படுத்தாது. வாடகையைக் காப்பதும் சுலபமில்லை. காலியாகும் கடைகளுக்கு ஏலம் கேட்கிறார்கள். 2024-இல் மரைன் பரேடு மையத்தில் ஒரு கடைக்கு மாதம் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் கேட்டவர் இருந்தார். அந்த வாடகையில் ஒரு தட்டுச் சோற்றை நாலு வெள்ளிக்கு எப்படிக் கொடுப்பது?

நம்மிடம் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது; கணக்கெடுக்காமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. மெரினாவில் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு மாநகராட்சி ஒரே மாதிரியான 900 வண்டிகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியது. சுண்டல் விற்பவரும் பஜ்ஜி போடுபவரும் ஒரே நிறப் பெட்டிக்குள் போனது பார்வைக்குச் சங்கிலிக் கடை போலத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே கை வேறு, கரண்டி வேறு.

பஸ் ஸ்டாண்டு கடைகளில் இப்படி எதுவும் நடக்கவில்லை. அவை நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் சொந்தம். வாடகையை நிர்ணயிப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஏலத்தில் அதிகம் கேட்டவருக்கே கடை என்பதுதான் நடைமுறை. அதிகம் கேட்கக் கூடியவர் அடுப்பு எரிக்கிறவராக இருப்பதில்லை. பாக்கெட் தின்பண்டமும் குளிர்பானமும் கைபேசி உறையும் விற்பவராக இருக்கிறார், இல்லை ஏலத்தில் எடுத்து மேல்வாடகைக்கு விடுபவராக இருக்கிறார். மதுரையில் பரோட்டா போடக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி மையம்கூட இருக்கிறது, கற்றுக்கொண்டு வெளியே வரும் பையன்கள் வெளிமாநிலத்துக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் நாலு கடையையாவது ஏலப் பட்டியலிலிருந்து எடுத்து, சொந்தமாகச் சமைப்பவருக்கு மட்டும், உள்வாடகைக்கு விட்டால் ரத்து என்ற நிபந்தனையோடு, ஐந்து வருஷத்துக்கு ஏறாத வாடகையில் குலுக்கலில் கொடுப்பதை ஒரு நகராட்சித் தீர்மானத்தில் தொடங்கலாம். ஏல அறிவிப்பில் நாலு வரி மாறும். நகராட்சிக்கு வருமானம் கொஞ்சம் குறையும்.